பெயர் எழுதாத சாடிகள்

உங்கள் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகப் போகிறது. ஜன்னலோரத்துப் பூச்சாடியில் நிற்கும் அந்தக் கன்றைத்தான் சொல்கிறேன். கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன. குளிர்காலத்தில் அதன் வேருக்குத் தாகம் குறைவு. மண் ஈரமாகவே கிடந்தால் அழுகிவிடும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இதைச் சொல்வதற்காக என்னை நீங்கள் பரமட்டாவுக்குக் கூப்பிடவில்லை என்று தெரியும். ஆனால் கதவைத் திறந்ததும் என் கண் முதலில் போனது அந்தச் சாடிக்குத்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் ஸ்ரான்லி அண்ணாவின் சட்டத்தரணி. அவருடன் ஒரே வளவில் இருந்தவள் என்ற முறையில் அவருடைய நடத்தையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல என்னை அழைத்தீர்கள். அடுத்த வாரம் அவருடைய விசா வழக்கு எடுக்கப்படுகிறது. அது சரிவராவிட்டால் வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து அவரை நேரே விமானத்தில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். ரயிலில் வரும்போது நானும் நல்ல வார்த்தைகளைத்தான் அடுக்கிக்கொண்டு வந்தேன். இந்த அறைக்குள் வந்த பிறகு முடிவை மாற்றிவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால், மனச்சாட்சி என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் பிறின்சி. மன்னாரில் பிறந்தவள். இங்கே படிக்க வந்து, முடித்து, நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். கிரவீனில் டெஸ்மன்ட் அங்கிள், அன்னமலர் அன்ரி வீட்டில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறேன். பகலில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. மாலையில் தோட்டக்கலை வகுப்பு. குளிரான இடங்களில் செடி வளர்ப்பதுதான் பாடம். சேர்ந்த அன்றே எங்களை நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். காலநிலை, மண், செய்த வேலை, கடைசியில் ‘எனக்குச் சந்தேகமானவை’ என்று ஒரு பகுதி. மற்றவர்கள் அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிடுவார்கள். எனக்கு அதற்குத்தான் இடம் போதாது. விதையை நட்டுவிட்டு, தலைகீழாக நட்டேனோ என்று தோண்டிப் பார்த்திருக்கிறேன். ஆகையால் நான் சொல்வதில் இடைக்கிடை திருத்தங்கள் வரும். எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

எங்கள் பின்வளவு ஓடைப் பக்கமாகச் சரிந்தது. குளிர் தண்ணீரைப் போல் பள்ளம் பார்த்து ஓடிவந்து அங்கே தேங்கும். இங்கே குளிர்காலமான ஜூன் மாதக் காலைகளில் புல் உறைபனியால் வெள்ளையாகக் கிடக்கும். அதில் கறிவேப்பிலை தாங்காது. டெஸ்மன்ட் அங்கிள் குழாய்களை வளைத்து, தடித்த பிளாஸ்ரிக் விரித்து, நீளமாக ஒரு கூடாரம் கட்டினார். உள்ளே சின்னதாக ஒரு ஹீற்றர். அன்ரியின் ஒரே ஒரு கறிவேப்பிலைக்காகக் கட்டியதுதான். அடுத்த வருடம் கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஒருவர், தன்னுடையதையும் குளிர் முடியும்வரை வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். பிறகு இன்னொருவர். இப்போது உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் கிரவீன், பெண்டில் ஹில் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து சாடிகள் காரில் வந்து இறங்கத் தொடங்கிவிடும். வசந்தம் வந்தபிறகுதான் திரும்பிப் போகும். அங்கிள் அதற்குக் ‘கறிவேப்பிலை ஹொஸ்டல்’ என்று பெயர் வைத்தார். அதன் வார்டன் நான்.

ஹொஸ்டலுக்கு ஒரு சட்டம் உண்டு. அன்ரி போட்டது. ஒரு வருடம் இரண்டு குடும்பங்கள் ஒரே செடியைத் தங்களுடையது என்று சொல்லி, கோயில் வாசலில் வைத்துச் சத்தம் போட்டுக்கொண்டார்கள். செழிப்பாக வளர்ந்ததை இருவரும் கேட்டார்கள். வாடியதை ஒருவரும் கேட்கவில்லை. அதிலிருந்து, சாடி கொண்டுவருகிறவர் தன் கையாலேயே டேப்பில் பெயர் எழுதி ஒட்டவேண்டும். “உங்கட கையெழுத்து, உங்கட மரம். பிறகு ஒருத்தரும் என்னோட சண்டைக்கு வரேலாது” என்பார் அன்ரி. தயவுசெய்து இதை நினைவில் வைத்திருங்கள்.

இனி அந்தச் செடிகள். என் வகுப்பில் அலன் என்று ஒருவன் படித்தான். தஸ்மேனியாக்காரன். குளிரில் வளரவேண்டும் என்றே யாரோ பல வருடங்களாகத் தெரிவுசெய்து எடுத்த கஞ்சாச் சாதி ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னான். இலையைத் தொட்டாலே தேசிக்காய்த் தோல் மணக்கும் என்றான். நான் நம்பவில்லை. கடதாசியில் மடித்து விதை தந்தான். தரும்போது, “இது கறிவேப்பிலை இல்லை பிறின்சி, உன்னால் முடியாது” என்று சிரித்தான். அவன் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பான். ஆனால் என்னால் முடியாது என்பது எனக்கு ஏற்கெனவே பலமுறை சொல்லப்பட்ட விஷயம்.

நான் புகைப்பதில்லை. விற்கவும் நினைக்கவில்லை. அது சட்டவிரோதம் என்பது தெரியும். தெரியாது என்று சொல்லமாட்டேன். வளருமா என்று பார்க்க விரும்பினேன். மூன்று முளைத்தன. கோடை முடிவில் முழங்கால் உயரம். கறிவேப்பிலைச் சாடிகள் வந்து சேரத் தொடங்கியபோது இடுப்பளவு. கூடாரத்தின் கடைசி மூலையில், உயரமான கறிவேப்பிலைகளுக்குப் பின்னால் வைத்தேன். அலன் சொன்னது உண்மைதான். காலையில் கதவுச் சீலையை விலக்கினால் தேசிக்காயை அப்போதுதான் வெட்டியதுபோல மணந்தது. நாட்குறிப்பில் அவற்றைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான வேலை அந்தச் செடிகளை வளர்த்ததுதான். அதை எங்கும் எழுத முடியவில்லை என்பது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

மணத்தை மறைக்க முடியாது. மறைக்கத் தேவையும் வரவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் நாகலட்சுமி அன்ரி தன் சாடியோடு வந்த நாள் நினைவிருக்கிறது. மதுரைப் பக்கத்துக்காரர்.

“என்ன அன்னமலர், உள்ள நுழைஞ்சதும் எலுமிச்சை வாசனை தூக்குது? சர்பத் கடை போட்டிருக்கீங்களா?”

“அது தேசியில ஏதோ புதுச் சாதியாம். இவள் பிள்ளை கொண்டந்து வச்சிருக்கிறாள். காய்க்கட்டும், உங்களுக்கும் தாறன்.”

“காய்க்கிற வரைக்கும் யாரு காத்திருப்பா? ரெண்டு இலை குடு பிறின்சி, ரசத்துல போட்டுப் பார்க்கிறேன்.”

இலை கைக்கும் என்றேன்.

“இவளிட்ட இலை கேக்கிறதும் சரி, இமிகிறேசனிட்ட விசா கேக்கிறதும் சரி” என்றார் அன்ரி. “ரெண்டும் கிடைக்காது.”

“அதுக்கென்ன, என் செடியை நல்லாப் பார்த்துக்கிட்டா போதும். போன வருஷம் ஒல்லியா விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தப்ப என் மாமியார் மாதிரி நின்னுச்சு. கார் கதவே மூட முடியலை.”

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர்க் குழாயோடு நின்ற ஸ்ரான்லி அண்ணாவும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

ஸ்ரான்லி அண்ணாவை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில் கடற்றொழில் செய்தவர். அகதியாகப் படகில் வந்தவர். பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிக விசாவில் இருக்கிறார். மனைவியும் மகள் டில்ஷாவும் அங்கேதான். அங்கிளின் கராஜைத் தடுத்துக் கட்டிய அறையில் குடியிருந்தார். மரக்கறிக் கிடங்கில் வேலை. வேலைக்குப் போகுமுன் கூடாரத்தின் சீலையை விலக்கிக் காற்று விடுவது, வந்தபிறகு மூடுவது, இரண்டையும் யாரும் சொல்லாமலே செய்தார். அந்த உதவியைத்தான் நான் முதலில் சந்தேகித்தேன். ஒரு மனிதர் காரணமில்லாமல் தினமும் ஒரு இடத்துக்கு வந்து போவாரா?

ஒரு நாள் அவர் மூலைக்குப் போய், ஒரு இலையை விரல்களுக்கிடையில் கசக்கி, மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைக் கண்டேன். என்னைக் கண்டதும் கையைக் கீழே போட்டார். “நல்ல மணம், தங்கச்சி” என்றார். அவ்வளவுதான். அன்று முழுவதும் நான் துணி மடிக்கும்போது அதையே யோசித்தேன். நல்ல மணம் என்றால் என்ன? தெரிந்துதான் சொன்னாரா? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? கேட்காமல் இருப்பவர் எதற்காகக் காத்திருக்கிறார்?

அவர் எப்போதும் ஏதாவது ஒரு பதிலுக்குக் காத்திருந்தவர். குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார். நான் தமிழில் வாசித்துச் சொல்வேன். என்ன செய்தால் அவருடைய விசா இல்லாமல் போகும் என்று எழுதிய தாளையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை, சாட்டப்பட்டாலே போதும் என்ற இடத்தில் அவர் என்னை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஒருவர், அடுத்தவரைக் காட்டிக்கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைப்பது இயல்புதானே. நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தால் நினைத்திருப்பேன்.

சில நாட்களுக்குப் பிறகு அவர் என்னைக் கூடாரத்துக்குள் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இந்த மூண்டு சாடியிலயும் பேர் இல்லையே. ஆரின்ர?”

“உங்கட” என்றேன்.

“என்ர?”

“ஓம் அண்ணா. எல்லாருக்கும் ஒண்டு இருக்கு. உங்களுக்கு மட்டும்தான் இல்லை. அதுதான்.”

அவர் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். “இந்த நாட்டில என்ர பேர் போட்டு வாறது இமிகிறேசன் கடிதம் மட்டும்தான், தங்கச்சி” என்று சொல்லிச் சிரித்தார். நான் டேப்பையும் மார்க்கர் பேனையையும் நீட்டினேன். மூன்று சாடியிலும் தன் பெயரைத் தமிழில், சின்னப் பிள்ளைகள் கொப்பியில் எழுதுவதுபோல, நிறுத்தி நிறுத்தி எழுதினார். தேசிதானே என்று கேட்டார். ஓம், பூக்கச் சுணங்கும், நாள் எடுக்கும் என்றேன். அது அன்பினால் செய்தது. ஒரு செடிகூட இல்லாத மனிதருக்கு மூன்று செடி கொடுத்தேன்.

இங்கே ஒரு திருத்தம். டேப்பும் பேனையும் தற்செயலாகக் கையில் இருந்ததுபோல் சொல்லிவிட்டேன். அவை வழக்கமாகக் குசினி மேசையின் லாச்சிக்குள் இருக்கும். அவர் இலையைக் கசக்கி மணந்த நாளிலிருந்து நான் அவற்றை என் மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பெயரில்லாத சாடிகளை முன்வரிசைக்கு மாற்றியதும் நான்தான். அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஒழுங்கான மனிதர், ஒரு குறை கண்டால் கேட்காமல் விடமாட்டார்.

அதற்குப் பிறகு அவரில் ஒரு மாற்றம் தெரிந்தது. வேலையால் வந்ததும் கராஜுக்குப் போகாமல் நேரே கூடாரத்துக்குப் போனார். தொலைபேசியை உயர்த்திப் பிடித்துச் செடிகளைப் படம் எடுத்தார். ஒன்றல்ல, முன்னால் நின்று, பக்கத்தில் நின்று, பெயர் தெரியும்படி. ஒரு சனிக்கிழமை சீலைக்கு வெளியே நின்று அவர் மெதுவாகப் பேசியதைக் கேட்டேன். “இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பூக்கட்டும். பூத்தாப் பிறகு எல்லாருக்கும் காட்டுவம்.”

நீங்களே சொல்லுங்கள். இதைக் கேட்டவள் என்ன நினைப்பாள்?

ஜூன் நடுப்பகுதியில் ஒரு இரவு ஹீற்றர் நின்றுவிட்டது. காலையில் எழுந்து ஓடினேன். அவர் எனக்கு முன்பே அங்கே நின்றார். தன் போர்வையால் அந்த மூன்றையும் சுற்றியிருந்தார். குளிர்ச் சட்டை நாகலட்சுமி அன்ரியின் கறிவேப்பிலை மேல் கிடந்தது. வெறும் சேட்டோடு, வாயால் புகை வர, “ஒண்டும் படேல்ல தங்கச்சி, எல்லாம் தப்பிட்டுது” என்றார். உதடு நீலமாக இருந்தது. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே, இவ்வளவு அக்கறை எதற்கு என்று யோசித்தேன். சாட்சிப்பொருள் செத்துப்போகக் கூடாது என்று நினைக்கிறவர்தான் இப்படிச் செய்வார். அன்றைக்கு நான் முடிவு செய்தேன்.

செடிகளைப் பிடுங்கி எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஆனால் அவை பூக்கத் தொடங்கியிருந்தன.

பெண்டில் ஹில்லில் தெருவோரத்துப் பொதுத் தொலைபேசி ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில், பொலிசுக்குத் தகவல் சொல்வதற்கென்று இருக்கும் இலக்கத்துக்கு எடுத்தேன். பெயர் சொல்லவேண்டிய அவசியமில்லை என்றார்கள். நல்ல குரல், மிகவும் பொறுமையான பெண். கிரவீனில் இன்ன வீட்டின் பின்வளவில் ஒருவர் கஞ்சா வளர்க்கிறார் என்றேன். எந்தச் சாடிகள் என்று பொலிசார் கண்டுபிடிக்க உதவியாக, பெயர் எழுதியிருக்கிறது என்றும் சொன்னேன். ஸ்ரான்லி அண்ணா என்னை முந்திக்கொள்ளுமுன் நான் முந்திக்கொண்டேன். தற்காப்பு என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கும் ஒரு திருத்தம் இருக்கிறது. அவர் கராஜில் இருப்பவர், தற்காலிக விசாவில் இருப்பவர் என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் அதைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

பொலிசார் ஒரு காலையில் வந்தார்கள். சாதாரண உடையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அங்கிள் கதவைத் திறந்து, காரை எங்காவது தவறாக நிறுத்திவிட்டோமோ என்று கேட்டார். நேரே பின்வளவுக்குப் போனார்கள். ஸ்ரான்லி அண்ணா கூடாரத்துக்குள் சீலையை விலக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் பதறினால் வராது. அந்தப் பெண் அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே யாராவது மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார். நான் கையுறையைக் கழற்றாமலே முன்னால் போனேன். கூடாரத்துக்குள் நான் எப்போதும் கையுறை போட்டிருப்பேன். வகுப்பில் அப்படித்தான் பழக்கினார்கள்.

“இந்தச் சாடியள் உங்கடயா எண்டு கேக்கினம்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாடிகளைப் பார்த்தார். முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. “ஓம், என்ரதான். பேரும் போட்டிருக்கு, பாருங்கோ எண்டு சொல்லும்.”

நான் சொன்னேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. என் மொழிபெயர்ப்பு முழுவதும் சரி.

கைவிலங்கைக் கண்டபிறகுதான் அவருக்கு ஏதோ விளங்கியது. அன்ரி குசினி வாசலில் நின்று, “தேசிக்குப் போய் ஏன் பிடிக்கினம், டெஸ்மன்ட்? தேசி வளக்கக் கூடாதா இஞ்ச?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பொலிசார் செடிகளைப் பெரிய கடதாசிப் பைகளில் போட்டுக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் அதிகாரி குனிந்து மணந்துபார்த்து, லெமன்போல இருக்கிறது என்று மற்றவரிடம் சொன்னார். என் மனதுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. வெட்கப்படவேண்டிய இடம் என்று தெரியும். ஆனால் யாரோ ஒருவர் கடைசியில் கவனித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். குற்றம் சாட்டினார்கள், விசா போனது, வில்லாவுட். எல்லாம் அந்தத் தாளில் எழுதியிருந்தபடியே.

அன்ரி வற்புறுத்தியதால் அவரைப் பார்க்கப் போனேன். மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். நான் பேசுமுன் அவரே மெதுவாகச் சொன்னார்: “உம்மட பேரை நான் ஒரு இடமும் சொல்லேல்ல, தங்கச்சி. பயப்பிடாதையும். உம்மளயும் ஆரோ ஏமாத்தித்தான் அந்த விதையைத் தந்திருப்பாங்கள். உம்மட விசா அலுவல் முதல்ல முடியட்டும்.”

நன்றி அண்ணா என்றேன். பேசும்போது அவருடைய இரண்டு கையும் மேசைக்கு மேலேதான் இருக்கின்றனவா என்று பார்த்தேன். ஒருவர் இவ்வளவு நல்லவராக இருப்பதற்கு ஏதாவது காரணம் இருக்கவேண்டும். நான் பதில் சொல்வதைப் பதிவுசெய்கிறாரோ என்று நினைத்தேன். ஆகையால் நன்றிக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் படங்களைப் பற்றியும் பிறகு தெரியவந்தது. அவருடைய மனைவி அன்ரிக்குத் தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தபோது டில்ஷா குறுக்கே வந்து, “அப்பாட தேசி பூத்திட்டா? அப்பா பூத்தாப் பிறகுதான் படத்தைப் பள்ளிக்கூடத்தில காட்டலாம் எண்டவர்” என்று கேட்டாள். அன்ரி தொலைபேசியை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவி முடித்தேன். அந்தச் சனிக்கிழமை ஸ்ரான்லி அண்ணா யாரிடம் பேசினார் என்பது அப்போது எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. என்னிடம் இருந்தது நான் கண்டதும் கேட்டதும்தான். அவற்றை வைத்துக்கொண்டு யார் யோசித்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன்.

இனி அந்தச் சாடி.

கொஞ்ச நாளாக அன்ரி முன்போல் இல்லை. நான் குசினிக்குள் வந்தால் பேச்சை நிறுத்துகிறார். ஒருமுறை, “பிள்ளை, அந்த விதையை எங்கால எடுத்தனி?” என்று கேட்டார். வகுப்பில் ஒருவர் தேசி என்று சொல்லித் தந்தார் என்றேன். “ம்” என்றார். அந்த ‘ம்’ எனக்குப் பிடிக்கவில்லை. கடந்த வியாழன் பெரிய பை ஒன்றோடு ரயிலுக்குப் போனார். எங்கே என்று கேட்டேன். “சும்மா, பரமட்டாப் பக்கம். போட்டு வாறன்” என்றார். அன்ரி சும்மா எங்கும் போகிறவர் இல்லை.

இன்றைக்கு உங்கள் அறைக்குள் வந்தேன். ஜன்னலில் கறுப்புச் சாடி. விளிம்பில் அங்கிளின் தள்ளுவண்டி இடித்த வெடிப்பு. எங்கள் கூடாரத்துச் சாடி அது. டேப் ஒட்டிய பக்கத்தைக் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்ரி வந்து, தான் சந்தேகப்பட்டதை உங்களிடம் கொட்டிவிட்டார். நீங்களும் ஒன்றும் தெரியாதவர்போல, நல்ல வார்த்தை சொல்ல வா என்று என்னைக் கூப்பிட்டீர்கள். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்க. அது உங்கள் தொழில், கோபமில்லை. ஆனால் அடுத்தவர் சொல்லித் தெரியவருவதைவிட, சம்பந்தப்பட்டவள் தானே முன்வந்து சொல்வது நல்லது என்று நினைத்தேன். நீதிபதிகளும் அதைக் கணக்கில் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஆகவே முழுவதையும் ஒரே இடத்தில் சொல்கிறேன், எழுதச் சுலபமாக இருக்கும். விதையை நட்டது நான். வளர்த்தது நான். என்னவென்று தெரிந்தே அவரைப் பெயர் எழுதவைத்தது நான். தொலைபேசி எடுத்ததும் நான். ஸ்ரான்லி அண்ணாவுக்கு அது கடைசிவரை தேசிதான்.

ஏன் எழும்புகிறீர்கள்? சாடியைத் திருப்ப வேண்டாம், மண் சிந்தும்.

லக்ஷ்மிப்ரியா. உங்கள் பெயர். உங்கள் கையெழுத்துத்தான்; மேசையில் நீங்கள் எழுதும் தாளிலும் அதே எழுத்து இருக்கிறது. அன்ரி உங்களையும் எழுதவைத்திருக்கிறார்.

என்ன சொன்னீர்கள்? தயவுசெய்து இன்னொருமுறை சொல்லுங்கள்.

“அவங்க உங்களைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொல்லலைங்க. ‘எங்கட பிறின்சி வளர்த்த கன்று இது, ஸ்ரான்லி போனதிலிருந்து அந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்கல, அவள் வந்தா பயமுறுத்தாம பேசுங்கோ’ன்னு சொன்னாங்க. கேஸை எடுத்ததுக்கு நன்றின்னு இதைக் குடுத்துட்டுப் போனாங்க. வேற ஒண்ணும் சொல்லலை. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது.”

அவ்வளவுதானா?

விதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? என்னைப் பற்றி? அந்த ‘ம்’ பற்றி?

சரி. அப்படியானால் கடைசியாக ஒரு திருத்தம். நீங்கள் இதுவரை எழுதிய தாள்களை என்னிடம் தாருங்கள். அவை இனித் தேவைப்படாது. ஸ்ரான்லி அண்ணா மிகவும் நல்லவர். அங்கிருந்து மறுபடி தொடங்கலாம்.